ஒரு தட்டு என்றால் ஆமாம்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. எழுபத்திரண்டு படி ஏறி நாலாவது மாடிக்கு வந்தால் எங்கள் வீடு. சமையலறையை ஒட்டிக் கதவு வைத்த ஒரு சாமான் அறை. அதற்குள் உட்கார்ந்துகொண்டு, ஊரில் எங்கெல்லாம் லிஃப்ட் பாதியில் நின்றுபோகிறதோ அங்கெல்லாம் பதில் சொல்கிறார் என் அண்ணி.

லிஃப்ட்டுக்குள் மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். மாட்டிக்கொண்டவர்கள் அதை அழுத்தினால் ஒரு குரல் வரும். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. ஏதோ பெரிய கண்ணாடிக் கட்டடம், வரிசையாகத் திரைகள், சீருடை போட்டவர்கள் என்று நினைத்திருப்பேன். உண்மையில் மேல் தட்டில் ஒரு பழைய சூட்கேஸ், நடுத் தட்டில் இறக்கை ஒடிந்த மின்விசிறி, அதற்குக் கீழே ஒரு ஸ்டூலில் என் அண்ணி.

"லிஃப்ட்டே இல்லாத வீட்டுல உக்காந்து ஊரு லிஃப்ட்டையெல்லாம் காவல் காக்கறா" என்பான் அண்ணன். அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறான். எதைச் சொன்னாலும் கடைசி இருக்கைவரை கேட்கிற மாதிரிதான் சொல்வான்.

நானும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறேன். பார்சல் கம்பெனிக்கு வரும் விலாசங்களில் எது முழுசு, எது அரைகுறை என்று பார்த்துத் திருத்துகிற வேலை. யாரோடும் பேச வேண்டாம் என்பதற்காகவே அதைப் பிடித்தேன். கூடத்தில் என் மேஜை, மேஜைக்குப் பின்னால் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி. பதினாலு மாதமாக அந்தச் சுவர் வழியாகப் பாதிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மறுபாதி அண்ணியின் ஹெட்போனைத் தாண்டி வராது. நான் படிக்கிற கவிதைப் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "பாதிப் பக்கம் சும்மா கெடக்கே, எழுத மறந்துட்டானா?" என்று அண்ணன் கேட்பான். சும்மா கிடக்கிற இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது.

அண்ணி மெதுவாகப் பேசுவார். சாதாரண மெதுவு இல்லை. ஒரு வாக்கியம் தொடங்கி முடிவதற்குள் பால் பொங்கிவிடும். இதனாலேயே அவருக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தார். வரிசை தெருவரைக்கும் போனது. போனில் பொருள் விற்கும் வேலைக்குப் போனார். "மேடம், நீங்க வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள எதிராளி வெச்சுட்டுப் போயிடறாரு" என்று மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில், புகுந்த வீட்டில், எங்கேயும் "சீக்கிரம் சொல்லு" என்பதைத்தான் அவர் அதிகம் கேட்டிருக்கிறார். அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இந்த வேலைக்கான தேர்வில் மட்டும், கேட்டுக்கொண்டிருந்த பெண், "நீங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவீங்களா?" என்றாராம். போச்சு என்று நினைத்துக்கொண்டு அண்ணி "ஆமாங்க" என்றாராம். "நாளைக்கே ஆரம்பிங்க" என்றாராம் அந்தப் பெண்.

அண்ணியிடம் ஒரு பழக்கம் உண்டு. 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்ல மாட்டார். அதைச் சொன்னால்தான் பயப்பட ஏதோ இருக்கிறது என்று தெரியும் என்பார். அதற்குப் பதில் வேலை கொடுப்பார்.

"எத்தன பட்டன் இருக்கு சார் உங்க முன்னாடி? எண்ணிச் சொல்லுங்க... பன்னண்டா? மணி பட்டனச் சேத்தா, சேக்காமலா?"

அந்தச் 'சேத்தா, சேக்காமலா'வில் உள்ளே இருப்பவர் மறுபடி எண்ணப் போவார். போகிறவர் கொஞ்ச நேரத்துக்கு மாட்டிக்கொண்டவர் இல்லை, எண்ணுகிறவர். காற்று தீர்ந்துவிடுமோ என்று கேட்பவர்களைக் கதவின் அடியிடுக்கில் கை வைத்துப் பார்க்கச் சொல்வார். "சில்லுனு வருதா? அது வெளிக்காத்து. உங்களுக்கு முன்னாடி அது வந்து போயிட்டு இருக்கு." இதையெல்லாம் யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கம்பெனி கொடுத்த கையேட்டில் 'அழைத்தவரை அமைதிப்படுத்தவும்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. எப்படி என்று இல்லை.

அந்தக் கையேட்டில்தான் லிஃப்ட் பெட்டிகளின் அளவுகள் இருந்தன. எட்டுப் பேர் ஏறும் பெட்டி: அகலம் நூற்றுப் பத்து சென்டிமீட்டர், ஆழம் நூற்று நாற்பது. ஒருநாள் அண்ணி குளிக்கப் போயிருந்தபோது சாமான் அறையை டேப் வைத்து அளந்தேன். அகலத்தில் இரண்டு விரற்கடை கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம் போகாமல் இருக்க நாலு சுவரிலும் பஞ்சு வைத்த பழைய ரஜாய்களை ஆணியடித்து மாட்டியிருந்தோம். ஜன்னல் கிடையாது. டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அன்றைக்கு எத்தனை விலாசம் திருத்தினேன் என்று நினைவில்லை. ஒரு பெட்டியில் மாட்டிக்கொண்டவரை இன்னொரு பெட்டியில் உட்கார்ந்து ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் தினமும், சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டு வந்து.

இந்த வேலைக்கு வந்த ஆபத்தும் வீட்டிலிருந்துதான் வந்தது.

வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது கம்பெனியின் விதி. ஒரு பெரிய நிலையத்தோடு பேசுகிறோம் என்ற நம்பிக்கை மாட்டிக்கொண்டவருக்கு வேண்டுமாம். எல்லா அழைப்பும் பதிவாகும். பதிவில் வீட்டுச் சத்தம் இருந்தால் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி. மூன்று புள்ளி விழுந்தால் வேலை இல்லை. பதிவுகளைக் கேட்டுப் புள்ளி வைக்கிற மேற்பார்வையாளர் அம்மாவுக்கு எங்கள் வீட்டில் 'மேலிடம்' என்று பெயர். "உங்க பதிவக் கேட்டேன்" என்றுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். அதைக் கேட்டால் அண்ணனே எழுந்து நின்றுவிடுவான்.

முதல் புள்ளி குக்கர் விசிலுக்கு. இரண்டாவது அண்ணனின் தும்மலுக்கு. அந்தத் தும்மலைக் கேட்ட, லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டிருந்தவர், "மேடம், அங்க ஏதாச்சும் வெடிச்சுதா?" என்று அண்ணியிடம் விசாரித்தாராம்.

இரண்டு புள்ளிக்குப் பிறகு வீடு மாறிப்போயிற்று. குக்கர் பரண் ஏறியது. காலிங்பெல் ஒயரைப் பிடுங்கினோம். தும்மல் வந்தால் அண்ணன் தலையணையோடு குளியலறைக்கு ஓடுவான். சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு இருந்தால் எல்லாம் சைகைதான். உப்புக்கு விரல்களைத் தேய்க்க வேண்டும், போதும் என்பதற்குக் கண்ணை மூட வேண்டும். இரவுப் பணி முடிந்து வந்த அண்ணன் ஒருநாள் தட்டின் முன்னால் கண்ணசந்துவிட, போதுமாக்கும் என்று யாரும் அவனுக்குப் பரிமாறவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் நீலத் துண்டு. அழைப்பு வந்தால் அண்ணி அதைக் கதவின் கைப்பிடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார். இது முக்கியமாக அண்ணன் மகளுக்காக. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவள் தொண்டையை வைத்து நாங்கள் வைத்த பெயர் குருவி. அவளோடு ஓர் ஒப்பந்தம். வாசலில் நின்று கைப்பிடியைப் பார்க்க வேண்டும். துண்டு இருந்தால் பூனை. இல்லாவிட்டால் குருவி. ஒருநாள்கூட அவள் இதில் தவறியதில்லை.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, அண்ணனுக்கு வார விடுப்பு. மதியம் மூன்று ஆக இரண்டு நிமிடம் இருக்கும்போது அழைப்பு வந்தது. துண்டு கைப்பிடிக்குப் போனது, கதவு மூடியது.

"வணக்கம், லிஃப்ட் உதவி. சொல்லுங்க."

பதில் வரவில்லை போலும். வழக்கமாக இந்த இடத்தில் அண்ணி "ஆமாங்க" என்பார், "எந்தக் கட்டடம்" என்பார். ஒன்றும் இல்லை.

"கேக்குதா? நான் பேசறது கேக்குதா உங்களுக்கு?"

சிறுவர்கள் பொத்தானை அழுத்திவிட்டு ஓடுவது உண்டு. அதனால் இரண்டு நிமிடம் பேச்சில்லாவிட்டால் 'விளையாட்டு' என்று குறித்து அழைப்பை முடித்துவிட வேண்டும் என்பது விதி. என் மேஜைக் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்றாயிற்று.

"நான் வைக்கல. இங்கதான் இருக்கேன்."

ஏன் வைக்கவில்லை என்று பிறகு சொன்னார். அதே லிஃப்ட்டிலிருந்து இரண்டு முப்பத்தொன்றுக்கும் இரண்டு நாற்பத்து நாலுக்கும் மணி அடித்திருக்கிறது. இரண்டு முறையும் வேறு வேறு ஆட்கள் எடுத்திருக்கிறார்கள், பேச்சில்லை என்று முடித்திருக்கிறார்கள். திரையில் இருந்தது. "வெளையாடற பசங்க பதிமூணு நிமிஷம் காத்திருந்து மறுபடி அமுக்குவாங்களா தம்பி? அவங்களுக்கு ஏது அவ்வளவு பொறுமை?"

சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி சொன்னார்: "கேக்குதுன்னா எதையாவது தட்டுங்க. சுவரோ, கதவோ, எதுன்னாலும்."

என் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன.

"ம். கேட்டுச்சு."

அந்தக் 'கேட்டுச்சு'வில் ஒரு சிரிப்பு இருந்தது. எதிரே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டவரின் சிரிப்பு.

"இனிமே ஒரு தட்டுன்னா ஆமாம். ரெண்டுன்னா இல்ல. சரியா? ... சரி. தனியாவா இருக்கீங்க? ... அடி ஏதாச்சும் பட்டுருக்கா? ... நல்லது. பேச முடியாதா உங்களால? ... சரி, அப்ப நான் பேசறேன். எனக்கும் வசதிதான். மெதுவாப் பேசறேன்னு என்னத் திட்டாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

நான் கேட்டது இவ்வளவுதான். நடுவே விழுந்த தட்டுகள் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவை விழுகிற இடம் தெரிந்தது. ஒரு கேள்வி, ஓர் இடைவெளி, பிறகு அண்ணியின் குரல் ஒரு படி இறங்கும் அல்லது ஏறும். ஆமாம் என்றால் இறங்கும். முகம் தெரியாத, குரல் தெரியாத, ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாத ஒருவரோடு, இரண்டே சொற்கள் உள்ள ஒரு பாஷையை மூன்று நிமிடத்தில் உண்டாக்கி அதில் பேசிக்கொண்டிருந்தார் என் அண்ணி. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"மெக்கானிக் கெளம்பிட்டாரு. பாலத்துல நெரிசலாம். எப்ப வருவாருன்னு தெரிஞ்சதும் சொல்றேன். தெரியாம எதையும் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் இப்பவே சொல்றேன், நீங்க வெளிய வர்ற வரைக்கும் என் பேச்சு நிக்காது."

மூன்று இருபத்தைந்துக்குப் பள்ளி வண்டி வரும். குருவியை அழைத்துவர நான் எழுந்தேன். துண்டு கைப்பிடியில் இருந்தது, பார்த்துவிட்டுத்தான் போனேன். அண்ணன் குளியலறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தான். விடுப்பு நாளில் அண்ணிக்கு உதவியாக இருக்கட்டும் என்று அவனாக எடுத்துக்கொண்ட வேலை. வாளியைக்கூடத் தரையில் உரசாமல் தூக்கி வைத்தான், பாவம்.

வண்டி பத்து நிமிடம் தாமதம். குருவி இறங்கும்போதே வலது கை மூடியிருந்தது. திறந்து காட்டினாள். உள்ளே ஒரு பல்.

"சித்தப்பா! வண்டியிலயே விழுந்துருச்சு! நானா புடுங்கல, அதுவா!"

பையையும் தண்ணீர் பாட்டிலையும் என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். அம்மா அழைப்பில் இருக்கிறாள் என்று கீழேயே சொல்லியிருக்கலாம். துண்டு சொல்லிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். எழுபத்திரண்டு படி. அவளைப் பிடிக்க முடியவில்லை. நான் மூன்றாவது மாடித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தபோது அவள் எங்கள் வாசலில் நின்று, ஒப்பந்தப்படி, கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைப்பிடியில் ஒன்றும் இல்லை.

"அம்மாஆ! எனக்குப் பல்லு விழுந்துருச்சுஉ!"

நான் உள்ளே போய்ச் சேர்ந்தபோது சாமான் அறைக் கதவு விரியத் திறந்திருந்தது. குளியலறை வாசலில் அண்ணன் நின்றான். அவன் கையில் நீலத் துண்டு, சோப்பு நுரையோடு. பிறகு கேட்டதற்கு, "கறை புடிச்சுக் கெடந்துச்சுடா. அவ உள்ள இருக்கறது நம்ம எல்லாருக்குந்தான் தெரியுமே, அதுக்கு எதுக்குத் துண்டுன்னு..." என்றான். வீட்டில் துண்டு யாருக்காக என்பதை மறந்த ஒரே ஆள், அந்த யாரோவைப் பெற்றவன்.

அண்ணியின் முன்னால் சின்ன மேஜையில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் நம் பக்கச் சத்தம் போகாது. அவர் விரல் அதன்மேல் இருந்ததை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து நிமிடமாகத் தட்டு நின்றுபோயிருந்தது. அதற்குப் பதில் உலோகம் உரசுகிற சத்தம். உள்ளே இருப்பவர் கதவை நெம்பத் தொடங்கியிருந்தார். கையேட்டில் ஒரே ஒரு பக்கத்துக்குத்தான் சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறார்கள், அது இதற்குத்தான். இரண்டு மாடிக்கு நடுவே கதவைத் திறந்து வெளியேறப் பார்க்கும்போது லிஃப்ட் நகர்ந்துவிட்டால் அவ்வளவுதான். "கதவ விடுங்க. விட்டுட்டீங்கன்னா ஒரு தட்டு தட்டுங்க" என்று அண்ணி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தட்டு வரவில்லை. அந்த இடத்தில்தான் குருவியின் பல் விழுந்தது.

பொத்தானை அழுத்தினால் குழந்தையின் சத்தம் நின்றுவிடும். அண்ணியின் சத்தமும் நின்றுவிடும். பேச்சு நிற்காது என்று அவர் சொல்லியிருந்தார்.

விரல் பொத்தானிலிருந்து எழுந்தது.

"கேட்டுச்சா உங்களுக்கு?" என்றார் அண்ணி, அதே மெதுவில். "அது என் பொண்ணு. பல்லு விழுந்துருச்சாம். நான் வீட்டுல இருந்துதான் பேசறேன். இது எங்க வீடு."

மூன்றாவது புள்ளியை அவரே எடுத்து வைத்த மாதிரி இருந்தது எனக்கு. அண்ணன் நுரைத் துண்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

பிறகு அண்ணி செய்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஹெட்போனின் ஒயரைப் பிடுங்கினார். பதினாலு மாதத்தில் முதல்முறையாக மறுபாதி ஸ்பீக்கர் வழியாக எங்கள் வீட்டுக்குள் வந்தது. பெரிய சத்தம் ஒன்றுமில்லை. ஒரு காலி இடத்தின் இரைச்சல். எங்கோ ஒரு மின்விசிறி. உலோகம் உரசவில்லை.

அப்புறம், டொக்.

ஒன்றே ஒன்று.

"யாரும்மா அது?"

"ஒருத்தங்க லிஃப்ட்டுக்குள்ள இருக்காங்க. அவங்களால பேச முடியாது. ஒரு தட்டுன்னா ஆமாம், ரெண்டுன்னா இல்ல. நீ கேளு, சொல்வாங்க."

குருவி மேஜையில் முகவாயை வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு எல்லாப் பல்லும் இருக்கா?"

டொக், டொக்.

"ஐய! இவங்களுக்கும் விழுந்துருக்கும்மா! வலிச்சுதா?"

டொக்.

"எனக்கு வலிக்கல. நீங்க அழுதீங்களா?"

கொஞ்சம் இடைவெளி. டொக்.

"பரவால்ல" என்றாள் குருவி.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தும்மல் என்று நினைத்து நான் தலையணையைத் தேடினேன். தும்மல் இல்லை.

அப்படியே போயிற்று பன்னிரண்டு நிமிடம். அவர் வீட்டில் நாய் இல்லை. பூனை உண்டு. படிக்கட்டு பிடிக்கும். பச்சை பிடிக்காது. குருவி கேட்கக் கேட்க, ஒரு மனிதர் ஆமாமும் இல்லையுமாக எங்கள் சாமான் அறையில் திரண்டு வந்தார். நடுவில் அண்ணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கதவ விட்டுட்டு உக்காந்துட்டீங்களா?" டொக். அவர் ஏன் கதவை விட்டார் என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. இரண்டு சொல்லில் அதைச் சொல்லவும் முடியாது.

பிறகு உலோகம் வேறு மாதிரி நகர்ந்தது. ஓர் ஆளின் குரல். "மேடம், மெக்கானிக் பேசறேன். கதவு தெறந்தாச்சு. உள்ள ஒரு பெரியவர். நல்லாத்தான் இருக்காரு. கழுத்துல துணி கட்டியிருக்காரு, தொண்டையில ஆபரேஷன் ஆனவரு மாதிரி தெரியுது, பேச்சு வரல... மேடம், ஏதோ காட்டறாரு. வாயத் தெறந்து பல்லக் காட்டறாரு மேடம். எனக்கு ஒண்ணும் புரியல."

"எனக்குப் புரியுது!" என்று கத்தினாள் குருவி.

வெளியே வந்தவர் கதவின் மேல் கடைசியாக ஒரு முறை தட்டினார். அதற்கு முன் எந்தக் கேள்வியும் இல்லை. அண்ணி அதற்குப் பிறகுதான் அழைப்பை முடித்தார். ஐம்பத்தோரு நிமிடம்.

ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் குருவியை மடியில் போட்டு வாயைத் திறந்து பார்த்தார். "கீழ்ப் பல்லா? புதுசு வரும்" என்றார்.

புதன்கிழமை முழுக்க மேலிடத்தின் அழைப்புக்குக் காத்திருந்தோம். அண்ணன் துண்டைக் காயவைத்து, மடித்து, ஏதோ திருடிய பொருளைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பவன் மாதிரி ஆணியில் மாட்டினான். "நான் வேணா மேலிடத்துக்கிட்ட பேசட்டுமா? தப்பு என்னுதுதானே" என்றான்.

"நீங்க பேசுனா அது நாலாவது புள்ளி" என்றார் அண்ணி.

சிரித்தோம். ஆனால் மதியம் அழைப்பு இல்லாத நேரத்தில் அவர் சாமான் அறையில் சும்மா உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். ரஜாயில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தது. அதை விரலால் நீவி நீவிச் சரிசெய்துகொண்டிருந்தார். "போனா என்ன தம்பி, வேற வேலையா இல்ல" என்றார், நான் எதுவும் கேட்காமலே. வேறு வேலைகள் எல்லாம் 'சீக்கிரம் சொல்லு' என்கிற வேலைகள் என்று எனக்கும் தெரியும். அவர் நிதானத்துக்கு உலகத்தில் ஒரே ஒரு இடம் கிடைத்திருந்தது. அது மூன்றே முக்கால் அடி அகலம்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு மேலிடம் கூப்பிட்டது. அண்ணி போனை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மேஜையில் வைத்தார். அண்ணன் எழுந்து நின்றான்.

"உங்க பதிவக் கேட்டேன்."

"சரிங்க மேடம்."

"ரெண்டு தடவ கேட்டேன். முப்பத்தெட்டாவது நிமிஷத்துல ஒரு கொழந்த சத்தம்."

"என் பொண்ணுதான் மேடம். பல்லு விழுந்துச்சு."

"அதையும் கேட்டேன். விதி தெரியுமில்லையா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

மேலிடம் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது அந்தப் பக்கம் ஏதோ உறும ஆரம்பித்தது. உறுமல் ஏறி ஏறி, தரையோடு சேர்ந்து குலுங்கி, பெரிய பாத்திரம் ஒன்று உருண்டு நிற்கிற மாதிரி நின்றது. பிறகு மூன்று முறை கீச், கீச், கீச்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கண்ணாடிக் கட்டடம் என் மனதுக்குள் மாடி மாடியாக இறங்கி, கடைசியில் துணி உலர்த்தும் ஒரு பால்கனியாக நின்றது.

அண்ணி தன் வேகத்தில் சொன்னார்: "மேடம், உங்க பக்கம் மெஷின்ல துணி முடிஞ்சுருச்சு போல."

அண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

அந்தப் பக்கத்திலிருந்து இருமல் மாதிரி ஒன்று வந்தது. இருமல் இல்லை, சிரிப்பு. ரொம்ப நாளாக உபயோகிக்காத சிரிப்பு. அப்புறம் மேலிடத்தின் குரல் வேறாக இருந்தது.

"அந்த முப்பத்தெட்டாவது நிமிஷத்துக்கு முன்னாடி அவரு கதவ நெம்பிட்டு இருக்காரு. அதுக்கப்பறம் நெம்பல. புள்ளி வைக்கற எடத்துக்குப் பக்கத்துல 'அழைத்தவருக்கு இடைஞ்சலா'ன்னு ஒரு கேள்வி இருக்கு. இவ்வளவு வருஷமா அத நான் சரியாப் படிச்சதில்ல. இல்லன்னு எழுதிட்டேன். புள்ளி கெடையாது."

அண்ணி போனை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"ரெண்டு நாப்பத்து நாலுக்கு அவரு அமுக்குனப்ப ஆளு பத்தலன்னு நான் எடுத்தேன். ரெண்டு நிமிஷம் பாத்தேன். வெச்சுட்டேன்." மெஷின் மூடியைத் திறக்கிற சத்தம். "விதிப்படிதான் வெச்சேன்."

"உங்களுக்குத் தட்டச் சொல்லத் தோணியிருக்காது மேடம்" என்றார் அண்ணி. குற்றம் சாட்டுகிற தொனி துளிகூட இல்லை. கதவடியில் கை வைத்துப் பார்க்கச் சொல்கிற குரல்தான். "எனக்கும் அன்னைக்குத்தான் தோணுச்சு."

"அத எழுதி அனுப்புங்க. அரைப் பக்கம் போதும். எல்லாருக்கும் அனுப்பணும்."

எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. "நீங்கதான் தம்பி நல்லா எழுதுவீங்க." அன்று சாயங்காலம் உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். சாமான் அறை, ரஜாய், இரண்டு பெட்டிகளின் அளவு, இடைவெளி, தட்டு விழுகிற இடம் என்று எல்லாம் எழுதினேன். அண்ணி பேனாவை வாங்கிப் பொறுமையாக ஒவ்வொரு வரியாக அடித்துக்கொண்டே போனார்.

"இதெல்லாம் வேண்டாம் தம்பி. உள்ள ஒருத்தரு தட்டிட்டு இருக்கும்போது இவ்வளவையும் யாரு படிப்பா?"

மிஞ்சியது நாலு வரி. பேச்சில்லை என்றால் வைத்துவிடாதீர்கள். தட்டச் சொல்லுங்கள். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. வெளியே வந்த பிறகும் ஒரு தட்டுக்குக் காத்திருங்கள்.

அவர் அடித்ததையெல்லாம் சேர்த்துத்தான் இதை எழுதியிருக்கிறேன்.

நாலாவது வரியை அவர் இன்னொரு முறை படித்துக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. அண்ணி எழுந்தார். நீலத் துண்டு கைப்பிடிக்குப் போனது. அண்ணன் அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனான். குருவி பூனையானாள். நான் என் நாற்காலியில் போய் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்தேன்.

"வணக்கம், லிஃப்ட் உதவி. சொல்லுங்க... ஆமாங்க... ஒண்ணு செய்யுங்க சார். உங்க முன்னாடி எத்தன பட்டன் இருக்கு, எண்ணிச் சொல்லுங்க."

இடைவெளி.

"ஒம்போதா? மணி பட்டனச் சேத்தா, சேக்காமலா?"